கோப்பையின் அடியில்

குரோகோஸ் என்பது ஊரின் பெயர். பூவின் பெயரும் அதுதான்.
கோர்ச்சாவிலிருந்து எல்லை தாண்டி நான் வந்த வாரம்
எனக்குத் தெரிந்த கிரேக்கம் மொத்தம் நாற்பது சொல்.
நாற்பத்தோராவதை
கிரியா பொலிக்ஸேனி என் உள்ளங்கையில் வைத்தார்.
ஊதா இதழைப் பிளந்து மூன்று சிவப்பு நூலைக் கிள்ளி,
'இதுதான் ஸ்திக்மா. இதழ் குப்பைக்கு, இது காசு.'

நூற்றைம்பது பூவுக்கு ஒரு கிராம்.
மகரந்தம் வந்து ஒட்டவேண்டிய சூல்முடி.
ஆனால் குங்குமப்பூ காய்ப்பதில்லை, விதையும் கிடையாது.
வராத ஒன்றுக்கு இவ்வளவு சிவப்பு.

எர்மாலை ஆறாம் வகுப்பில் சேர்த்தேன்.
இங்கே வகுப்பைச் சொல்வது எழுத்தால்.
ஆறுக்குரிய எழுத்து
அகரவரிசையிலிருந்து எப்போதோ விழுந்துவிட்டதாம்,
எண்ணுவதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பெயர் கேட்டேன்.
'ஸ்திக்மா' என்றான்.
என் பையிலிருந்து எடுத்தாயாடா என்று சிரித்தேன்.

அந்தக் குளிரில்தான் இருமல்.
ஆறு மாதம் மாத்திரை.
கோசானி ஆஸ்பத்திரியில் கடைசி நாள்
தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்: யாருக்கும் தொற்றாது.
அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
மேசைக்குத் திரும்பினேன்.
யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
என் நாற்காலி மட்டும் ஜன்னலோரம் போயிருந்தது,
'காற்று வரும், உனக்கு நல்லது.'
காப்பிக் கோப்பைகள் பதினொன்றும் வெள்ளை.
ஒன்றின் அடியில் மட்டும்
நகப்பூச்சால் ஒரு புள்ளி.

இரவு எர்மாலின் அகராதியைப் புரட்டினோம்.
குத்து. சூடு.
ஓடிப்போன அடிமையைப் பிடித்துவந்து
நெற்றியில் குத்திய பச்சை.
கீழே, அதே சொல்லுக்கு,
பக்தரின் உள்ளங்கையில் தானே திறக்கும் காயம்.
அடிமைக்கு வந்தால் சூடு, சாமியாருக்கு வந்தால் வரம்.
அப்புறம் வண்டின் விலாவில் மூச்சுவிடும் துளை.
அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பிற்பகல் ரேடியோவில் கடல்.
கவிழும் படகு, ஒரு போன், கரைக்காவலின் குரல்:
'உங்கள் ஸ்திக்மா? ஸ்திக்மாவைச் சொல்லுங்கள்.'
எங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தமாம்.
அந்தப் பையனுக்குச் சொல்லத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.
பொலிக்ஸேனி சத்தத்தைக் குறைத்தார்.
எல்லோரும் குனிந்து கிள்ளினோம்.

நூலின் நுனி மங்கத் தொடங்கியபோது கண் டாக்டரிடம் போனேன்.
அஸ்திக்மாடிஸ்மோஸ் என்று எழுதிக் கொடுத்தார்.
பேருந்தில் எர்மால் அதைப் பிரித்தான்:
'அ என்றால் இல்லை, அம்மா. உன் கண்ணில் வெளிச்சம்
ஒரு புள்ளியில் சேராது. உனக்கு ஸ்திக்மா இல்லை.'
இறங்கும்வரை சிரித்தேன்.
முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அறுவடையின் கடைசி நாள், மழை வரப்போகிறது,
மேசை கொள்ளாமல் பூ.
தட்டில் கைக்கு வந்ததை எடுத்து
அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார் பொலிக்ஸேனி.
கோப்பையின் அடி என் பக்கம்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.
புள்ளி நீண்டு
மெல்லிய சிவப்பு நூலாய் நின்றது.

வாயைத் துடைத்துக்கொண்டு, 'சர்க்கரை போதவில்லை' என்றார்.
அடுத்த தடவை கூடப் போடுகிறேன் என்றேன்.