எடைச்சீட்டின் பின்பக்கம்

சனிக்கிழமை வரைந்தது ஒரு செருப்பு.
ஞாயிறு எடைமேடை விடுமுறை, வீட்டுக் குக்கரை வரைந்தேன்.
மூடி வாயைவிடப் பெரிதாகப் போயிற்று.
திங்கள் மறுபடியும் செருப்பு.
வேறெதுவும் அசையாமல் நிற்கவில்லை.

புளியரையில், பரோட்டாக் கடைக்கும் டயர்க் கடைக்கும் நடுவே
தகரக் கூரை போட்ட எடைமேடை.
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் நான்.
வைக்கோல், எம்சாண்ட், வாழைத்தார்,
எல்லாம் என்னைத் தாண்டித்தான் எஸ் வளைவு ஏறும்.
கிழக்கேயிருந்து வருகிறவர்களுக்கு நான் அக்கா,
மேற்கேயிருந்து வருகிறவர்களுக்குச் சேச்சி.
மொத்த எடை, வண்டி எடை, சரக்கு எடை.
மெஷின் அடித்துத் தரும், நான் கிழித்துக் கொடுப்பேன்.
ரிப்பன் மங்கி அடித்த சீட்டு ஒருவருக்கும் ஆகாது.
எனக்கு ஆகும்.
அதன் பின்பக்கம் வெள்ளை.

ஒரு நாளைக்கு ஒன்று.
நேர்ச்சை இல்லை, யாருக்கும் கொடுத்த வாக்கும் இல்லை.
நாற்பத்து மூன்று வயதில், பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது
டோக்கன் அட்டையில், எதிரே இருந்தவர் காதை வரைந்தேன்.
காது காதாகவே இருந்தது.
அந்த ஒரு காதை நம்பி
இருநூற்றுப் பதினாறு நாள் ஓடிவிட்டது.
பிறகு ஒரு காதும் அப்படி அமையவில்லை.

ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகச் சாரல் உள்ளே வரும்.
காகிதம் அப்பளமாக நமுத்துப்போகும்,
பேனா மை கால் ஊன்றாமல் பரவும்.
மலையை வரைய உட்கார்ந்தால் மலை இருக்காது.
மேகம் விலகி அது வருகிற நேரம் பார்த்து
ஒருத்தன் ஹாரன் அடிப்பான்.
அப்படிப் பாதியில் நின்றவை பதினொன்று.
ஒட்டவைத்துப் பார்த்தேன்,
பதினொன்றும் சேர்ந்து ஒரு மலை ஆகவில்லை.

விட்ட நாட்களும் உண்டு, ஒளிக்க என்ன இருக்கிறது.
காய்ச்சலில் நாலு நாள்.
நாத்தனார் மகள் வளைகாப்பில் ஒரு நாள்.
காரணமே இல்லாமல் ஒன்பது நாள்,
அந்த ஒன்பதுதான் உறுத்துகிறது.
பத்தாம் நாள் கை
பூட்டிக்கிடந்த வீட்டுக் கதவுபோல
திறக்கையில் சத்தம் போட்டது.

போன வாரம், கொட்டாரக்கரை போகிற வைக்கோல் லாரி
வரிசையில் ஆறாவதாக நின்றது. நேரம் கிடைத்தது.
பிதுங்கிய பாரம், வாரியலாக நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு,
குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு,
எல்லாம் போட்டேன். நன்றாக வந்ததாகவே நினைத்தேன்.
சீட்டு வாங்க வந்த கிளீனர் பையன்,
கடையநல்லூர்க் கசாலி,
தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
“அக்கா, இந்த முடிச்சு நிக்காது.
ரெண்டாம் வளைவுலயே பூராவும் ரோட்டுல கிடக்கும்.”

எட்டிப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் போட்ட முடிச்சு வேறு.
நான் வரைந்திருந்தது பாவாடை நாடா முடிச்சு.
ஆறு வருஷமாகத் தினம் நாற்பது லாரி.
ஒரு கயிற்றைக்கூடப் பார்த்ததில்லை.
சரியாகப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அன்று ராத்திரி, கதவைச் சாத்துமுன்
சீட்டுக் கட்டு மொத்தத்தையும் அணைத்துக்கொண்டு
மேடைமேல் ஏறி நின்றேன்.
சிவப்பு எண்ணில் அறுபது.
கட்டை வெளியே வைத்துவிட்டு ஏறினேன். அறுபது.
பத்துக் கிலோவுக்குக் கீழே இந்த மேடைக்குக் கண் தெரியாது.
தெரிந்த விஷயம்தான்,
தினம் நாலு பேருக்கு நானே சொல்கிற பதில்.
இருந்தாலும் ஏறிப் பார்த்தேன்.

இன்றைக்கு முடிச்சு, ஐந்தாவது முறை.
மேல் சுற்று சரி.
கீழே நுழைகிற முனை
எங்கே போய் ஒளிகிறது என்பது பிடிபடவில்லை.
கசாலி வண்டி வியாழக்கிழமை திரும்பும்,
காலியாக.
கயிறு சுருண்டு கேபின் மேல் கிடக்கும், முடிச்சே இல்லாமல்.
ஒரு தடவை போட்டுக் காட்டு என்று கேட்க வேண்டும்.
கேட்பேனா, தெரியாது.
அதுவரை செருப்பு இருக்கிறது.