இரும்பு என்னுடையது

காக்கைதீவுப் பரவைக்கடலில்
இடுப்பளவு தண்ணியில் மூன்று பேர்.
தலையில் கட்டிய லைற் மூன்று.
மண்டா எறிய முதல் எண்ணவேணும்:
ஒன்று, இரண்டு, மூன்று.
குறைந்தால் கை இறங்கவேணும்.
போன மாசியில் சகாயத்தின் கெண்டைக்காலில்
என் முனை கீறிய தழும்புதான்
எங்களுக்குச் சட்டப்புத்தகம்.

அன்றும் எண்ணினேன்.
மூன்றும் நின்றன.
தடி கையை விட்டுப் போகிற கணத்தில்
இரண்டுதான் நின்றன.

கை உதறியது.
தலைக்கு வைத்த குறி
செட்டையில் இறங்கியது.

நிமலன் எங்கும் போகவில்லை.
குனிந்து பற்றரி மாற்றிக்கொண்டு,
மூடியை வாயில் கவ்வியபடி
"என்னடாப்பா?" என்றான்.

சேற்றுக்குள் விரித்துக் கிடந்த பாய்
தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு எழும்பியது போல
ஒரு திருக்கை.
கயிறு இழுத்தது.
பிறகு இழுக்கவில்லை.

கயிற்றை மாற்று என்று
யோகமலர் ஆவணியில் சொன்னாள்,
ஐப்பசியிலும் சொன்னாள்.
நைலோன் விலையைச் சொல்லி நான் தப்பினேன்.
தடி மட்டும் மிதந்து வந்தது.
முனை போய்விட்டது,
உயிரோடு.

"போனது போகட்டும். இன்னொன்று வரும்"
என்றான் சகாயம்.
வரும்.
வருவதற்குள் என் இரும்பு இல்லை.
போனதற்குள் இருக்கிறது.

விடிய அராலிப் பக்கம் தேடினேன்,
பாலத்து விளக்குகள் அணைந்த பிறகு.
ஓரிடத்தில் தண்ணி மினுங்கியது.
கிட்டப் போனால், எஞ்சின் எண்ணெய்.

அடுத்த நாள் சங்கத்துக் கம்புகள் வரைக்கும்.
சிவப்புத் துணி கட்டிய பதினொரு கம்பு.
அங்கால் சாதாழைத் தரை, குஞ்சுகள் வளருகிற இடம்.
மாசி முடியும்வரை மண்டா, வலை, வெளிச்சம்
எதுவும் கூடாது.
அந்தக் கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.
காயப்பட்டது அங்கேதான் போயிருக்கும்.
அதற்குக் கம்பு தெரியாது.
அல்லது எங்களைவிட வடிவாகத் தெரியும்.

மண்டாவை முதற்கம்பில் சாத்திவிட்டு
வெறுங்கையோடு உள்ளே இறங்கினேன்.
காலைத் தூக்காமல்
சேற்றை உரசி உரசி நடந்தேன்.
மிதித்தால் வால் பேசும்.

கண்டால் என்ன செய்வேன் என்று
யோசிக்காமல்தான் போனேன்.
கொல்ல ஆயுதமில்லை,
மாற்ற மருந்தில்லை.
மாரி வெயில் பிடரியில் ஏற
"எங்கையணை நிக்கிறாய்?" என்று
தண்ணியைக் கேட்டுக்கொண்டு
சும்மா ஒரு மனிசன்.

ஐந்தாம் நாள் ஏலக்கொட்டிலில் கிடந்தது.
நாவாந்துறையாரின் வலையில் பட்டதாம்.
வலது செட்டையில் கறுத்த ஒரு வட்டம்,
சுற்றிவரச் சதை வெளிறி,
நடுவில் ஒற்றைக்காது முறிந்த முனை.

"அது என்ர" என்றேன்.

ஏலம் கூறின வஸ்தியாம்பிள்ளை வாயை மூடினார்.
வலைக்காரப் பெடியன் முன்னுக்கு வந்தான்.
"அண்ணை, வலை எங்கட. மீனும் எங்கட."
"மீன் உங்கட. இரும்பு என்ர."
சனம் சிரித்தது.
வஸ்தியாம்பிள்ளை சிரிக்கவில்லை.
"பழுதான பக்கம் விலைப்படாது" என்று
செட்டையை அரிந்து ஒதுக்கிவைத்தார்.

எண்ணூறு ரூபா நட்டம்.
நீட்டினேன்.
வேண்டாம் என்று பெடியன் இரண்டுதரம் சொன்னான்.
மூன்றாந்தரம் வாங்கினான்.

செட்டையை யோகமலர் மணந்து பார்த்து
வாழைக்கடியில் தாட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கேள்வி.

புதுக்கயிறு ஏழு பாகம் வாங்கியாயிற்று.
ஒவ்வொரு முடிச்சையும்
காலில் மிதித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கிறேன்.
பழைய முனை ஜன்னலில் கிடக்கிறது.
கழுவியும் மணக்கிறது.

இன்றிரவு போவோம்.
காற்று விழுந்துவிட்டது.
நிமலனுக்குச் சொல்லியாயிற்று:
குனிய முதல்
ஒரு சத்தம் போடு.