செருப்பில் மழை

மூன்று நாளாய்
மைலோ டின் மூடியில் தண்ணீர்.
ஜெலுத்தோங், பதினோராம் மாடி.
இரவு ஷிஃப்ட் முடித்து வந்து
சட்டை மாற்றாமல் குந்துகிறேன்.

விரலை நனைத்து நீட்டினால்
விரலைச் சப்புகிறது சாம்பல் குட்டி.
விரலைத் தண்ணீருக்குள் இறக்கினால்
மூக்கோடு இறங்கித்
தும்முகிறது.
மற்றது மூடிக்குள் ஏறி நின்று
சிரிஞ்சு எங்கே என்பதுபோல்
என்னைப் பார்க்கிறது.

தரையில் கவிழ்ந்து
நானே நக்கிக் காட்டினேன்.
எதிர்வீட்டுக் காக் ரொஸ்னா
கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

இன்று லீவு. விடியுமுன் சாரல்.
வாசலில் விட்ட செருப்பில்
என் குதிகால் தேய்த்த பள்ளத்தில்
கொஞ்சம் மழை.

சளப், சளப்.
கதவிடுக்கில் நழுவிப்போன
இரண்டு தலைகள்.

கீழே போய்ப் பசியாற வேண்டும்.
வெறுங்காலோடு நிற்கிறேன்.