நாற்பது கிலோ

சாம்பல் பூசிய நெற்றியோடு வரிசையில் நின்று
எலத்தகிரிக் கோயில் கூண்டில் மண்டியிட்டு
"திருடினேன் சாமி" என்றேன்.
வருடா வருடம் சொல்வதுதான்.
மூன்று மங்கள வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று
முட்டி பாதி எழுந்திருந்தது.

சல்லடைக்கு அந்தப்பக்கம் புதுச் சாமியார் கேட்டார்:
"எத்தனை கிலோ?"

பதினொரு மாங்காய் சீசன்.
காவேரிப்பட்டணம் சாலை எடைமேடையில்
மேசைக்கடியில், கால் கட்டைவிரலுக்கு எட்டும்படி
ஒரு சுவிட்ச்.
அழுத்தினால் லோடுக்கு நாற்பது குறையும்.
பெங்களூராக் காய்க்கு வாய் கிடையாது.
முக்கால் முதலாளிக்கு, கால் எனக்கு.
"அப்படிப் பார்த்தா பத்து கிலோ சாமி,
லோடுக்குப் பத்துதான் என் கணக்கு."
இருட்டில் அவர் சிரித்தாரா, இருமினாரா.
"அழுத்தினது முழுக்காலா, கால் காலா?"

மனந்திரும்புதல் என்றால் கண்ணீர் என்றிருந்தேன்.
அது பெருக்கல்.
பழைய டைரி, அன்றைய லோடு, அன்றைய விலை,
இரவு ஒன்றரை மணிக்கு பிலோமினா கால்குலேட்டரைப் பிடுங்கி
"ஓசூர் மனையை வித்தா பாதி தேறும்" என்றாள்.
பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

பாரூர் ஏரி தாண்டி மாதம்மாள் வீடு.
கிட்டப்பன் மனைவி. அவன் போய் மூன்று வருடம்.
பணத்தை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
"எங்கிட்ட சொல்லிட்ட.
மாரப்பங்கிட்ட யாரு சொல்றது?"

ஒரு ஜூன் மாதம்.
சீட்டைப் பிடித்துக்கொண்டு கிட்டப்பன்
"ஏத்தும்போது கணக்கா இருந்துச்சே" என்றான்.
டீயை உறிஞ்சியபடி நான்
"வழியில எறங்கியிருக்கும்,
ஓட்டிட்டு வந்தவனக் கேளு" என்றேன்.
ஓட்டி வந்தது அவன் தம்பி.

அண்ணன் கேட்டானாம்.
தம்பி கை ஓங்கினானாம்.
வரப்பில் வேலி ஏறியதாம்.
கிட்டப்பனைத் தூக்கிப் போனபோது
ரோட்டுக்கு அந்தப்பக்கமே நின்றானாம் மாரப்பன்,
துண்டைக்கூட எடுக்காமல்.

இதற்கு என் டைரியில் பக்கமில்லை.

மாரப்பன் டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.
சொன்னேன்.
ஸ்பானர் உயருமென்று தோளைக் குறுக்கினேன்.
உயரவில்லை.
கையை வேட்டியில் துடைத்தான்,
கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.
"நான் எடுக்கலேன்னு
எங்கண்ணனுக்கு இனிமே எப்படித் தெரியும்?"

முடிவில்லா வாழ்வை நம்புகிறேன் என்று
ஞாயிறு தவறாமல் சொல்லி வந்தவன் நான்,
தீபாவளிக்கு வரும் போனஸை நம்புவதுபோல.
மாம்பூவுக்கு அடித்த மருந்து நாறும் அந்தக் களத்தில்
முதன்முறையாக அது எனக்குத் தேவைப்பட்டது.
எனக்காக அல்ல.
கிட்டப்பன் எங்கேயாவது இருந்தாக வேண்டும்.
காதோடு இருந்தாக வேண்டும்.

கல்லறையிலிருந்து எழுந்து வந்தவரே,
அவனுக்கு உம்மைத் தெரியாது,
முனியப்பனைத்தான் தெரியும்.
அதைப் பார்க்காதேயும்.
என்னை உள்ளே விடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
வாசலில் நிறுத்தும்,
நிறுத்துவது என்ற சொல்லின் இரண்டு அர்த்தத்திலும்.
அவன் காதுபட ஒரு வாக்கியம் சொல்ல மட்டும் விடும்:
உன் தம்பி ஒரு காயும் எடுக்கவில்லை.

மாரப்பனிடம் விடைபெறத் தெரியவில்லை.
டைரியில் இன்னும் நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
ஐந்து ஐம்பதுக்குப் போச்சம்பள்ளி பஸ்.
ஜன்னலோரம் உட்கார்ந்ததும்
பழக்கத்தில் என் கட்டைவிரல்
சீட்டுக்கடியில் எதையோ தேடியது.
செருப்பைக் கழற்றிவிட்டு
காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டேன்.