மூன்றரைச் சுற்று

பின்சில்லின் அச்சை
இரண்டு இரும்புக் கன்னங்களுக்கு நடுவே வைத்து
நெம்பை அழுத்திவிட்டால்
சைக்கிள் சந்தைக்குப் போகிற வழியை மறந்துவிடும்.
உருளை ரயரைத் தொட்ட பிறகு
குமிழில் மூன்று சுற்று.
அதற்கு மேல் ஓர் அரை.
தாளில் மூன்றுதான் போட்டிருக்கிறது,
அரை என்னுடையது.

முன்சில்லுக்குக் கீழே
சங்கக்கடையின் பழைய பேரேடு.
கணக்கு முடித்தவளும் நான்தான்,
மேலே ஏறி இருக்கிறவளும் நான்தான்.

காலை ஐந்து மணி. கொக்குவிலில் மழை.
லப்டொப்புக்குள் மட்டும் வெயில் எறிக்கிறது.
நீலச் சட்டை போட்ட ஒருத்தி
ஒற்றைக் காலை ஊன்றியபடி
எனக்காகக் காத்து நிற்கிறாள்.
நிறையை நான் குறைத்துச் சொல்லவில்லை.
அவளாகவே மெலிந்துகொண்டாள்.

மிதித்தேன், போனாள்.
அறை இரைந்தது.
போன கிழமை மதிலுக்கு மேலால் எட்டி
தவமலர் அக்கா கேட்டா:
"மில் ஏதும் போட்டிருக்கிறியோ பிள்ளை?
என்ரை மிளகாயையும் ஒருக்கா அரைச்சுத் தாவன்."

வெளியிலும் ஓடிப் பார்த்தவள்தான்.
காங்கேசன்துறை வீதியில் ஆறு மாதம்.
சந்திக்குச் சந்தி ஒருவர்,
"எங்கை போறியள்?"
மருந்துக்கு என்றால் தலையாட்டுவார்கள்.
சும்மா என்றால்
திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இங்கே ஒருவரும் கேட்பதில்லை.
தலைக்கு மேலே பெயரும் கொடியும் மிதக்க
நானூறு பேர் போகிறார்கள்,
ஒருவர்கூட மருந்துக்கு இல்லை.

இன்றைக்கு மலை.
இந்த ஊரில் பிறந்து நான் ஏறிய பெரிய ஏற்றம்
ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி போகிற சரிவு.
எட்டு வீதம் என்கிறது திரை.
என் உருளைக்குக் காது கேட்காது.
ஸ்காபரோவில் மச்சாள் ஆரணியின் யந்திரம்
மலை வந்தால் தானாக இறுகுமாம்,
வாயில் வராத சொல்லெல்லாம் வருமாம்.
எனக்கு மலை காலில் தெரியாது.
நேரத்தில்தான் தெரியும்.
நான் அதே மிதி மிதிக்கிறேன்,
அவள் பிந்திப் பிந்திப் போகிறாள்.
ஒரே பைன் மரம் பக்கத்தில்
விலகாமல் நிற்கிறது.

ஆரணி எழுதுகிறாள்:
"உனக்கு மூச்சு வாங்கேல்லையோடி?"
பதில் எழுத விரல் ஈரம்.

அப்போது கரண்ட் போனது.
மின்விசிறி கடைசி நாலு சுற்றைத்
தன் செலவில் சுற்றி ஓய்ந்தது.
ரவுட்டரின் பச்சைப் பொட்டுகள் அணைந்தன.
லப்டொப்பில் பதினொரு வீதம் உயிர்.
நானூறு பேரும்
ஒரேயடியாக இல்லை.
ஆரணி இல்லை. கொடி ஒன்றுகூட இல்லை.
வீதி இருந்தது, வெயில் இருந்தது,
மிச்ச மலை இருந்தது.

ஊர் ஒன்று ஓர் இரவில் வெறிச்சோடுவதைப்
பன்னிரண்டு வயதில் கண்டிருக்கிறேன்.
கண்டேன் என்பது பிழை.
வெறிச்சோடிய பிறகு பார்க்க
நான் அங்கே இருக்கவில்லை.
அன்றைக்கும் மழை.
கையில் சைக்கிள் இருந்தது,
ஏறி மிதிக்க இடமிருக்கவில்லை.

இறங்கினேன்.
திரையில் அவளும் கால் ஊன்றினாள்.
இருட்டில் தடவிக் குமிழைப் பிடித்து
இன்னும் ஒரு சுற்று.
கொஞ்சம் யோசித்து
இன்னுமொன்று.

ஏறி மிதித்தேன்.
தொடைக்குள் ஏதோ ஒன்று
வேண்டாம் என்றது.
இதுதானா அது, ஆரணி?
ரப்பர் மணத்தது.
பைன் மரம் கடைசியில் நகர்ந்தது.
உச்சிக்கு முந்நூறு மீற்றர் இருக்கத்
திரையும் கறுத்தது.
கால் நிற்கவில்லை.
முந்நூறை மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்,
பேரேட்டில் கூட்டுகிறமாதிரி, கீழிருந்து மேலே.

அடுத்த வீட்டு யன்னல் திறந்தது.
"கரண்ட் இல்லாமலும் ஓடுமோ பிள்ளை
உந்த மில்?"

ஓம் என்று சொல்ல
மூச்சு இருக்கவில்லை.