சிலர்

கச்சேரி வாசலில் எண்ணினேன்.
ஒரு முறை அல்ல, இரண்டு முறை.
முதலில் கண்டி வீதிப் பக்கமிருந்து,
பிறகு மதிலில் ஏறி நின்று
பத்துப் பத்தாய் விரல் மடக்கி.
நானூற்றுப் பன்னிரண்டு.
இடுப்பில் இருந்த பிள்ளைகளைச் சேர்க்கவில்லை.
ஐஸ்கிறீம் வான்காரனைச் சேர்க்கவில்லை.
சிவில் உடுப்பில் நின்று
எல்லோரையும் படமெடுத்த இருவரையும்
சேர்க்கவில்லை.

றோலர் அறுத்த வலையைத்
தோளில் போட்டபடி வந்திருந்தா
பாசையூர் றெஜினாக்கா.
மீன் பெட்டியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்து கேட்டா:
"எத்தினை பேர் எண்டு எழுதினனீர்?"
சொன்னேன்.
"வடிவா எழுதும்.
போன முறை நாங்கள் வரவேயில்லையாம்."

பிற்பகல் இரண்டு பத்துக்குக் கொழும்புக்கு அனுப்பினேன்.
படம் நாலு நிமிடம், குறிப்பு ஒன்பது வரி.
போகிற செய்திக்குத்தான் காசு.
போகாத செய்திக்கு
என்னுடைய பெற்றோல்.

இரவு எட்டு மணி.
கஸ்தூரியார் வீதித் தேத்தண்ணிக் கடையில்
றோல்ஸ் தட்டுக்கு மேலே ரீவி.
அமைச்சர் கட்டடம் திறந்தார்.
நாடா வெட்ட இரண்டு நிமிடம் பத்து வினாடி;
என் மனைவியின் துருப்பிடித்த கத்தரிக்கோல்
இதைவிடக் கெதியாய் வெட்டும்.
பிறகு வாசிப்பவள் ஒரு தாளைப் புரட்டினாள்.
"யாழ்ப்பாணத்தில் சிலர்
போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்தனர்."

படம் என்னுடையதுதான்.
என் கை நடுக்கம் எனக்குத் தெரியும்.
ஆனால் அது காலை எட்டரைக்கு,
ஆட்கள் சேருமுன்
வெளிச்சம் பார்க்க எடுத்த துண்டு:
மூன்று பேர், ஒரு நாய்,
நிற்கிற ஒரு பஸ்.
அந்த பஸ் ஆள் இறக்க நின்றது.
அதை வெட்டாமல் அனுப்பியவன் நான்.

பதினொரு வினாடி.
கடைக்காரர் ரீவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சீனி போடாமல் தேத்தண்ணி வைத்தார்.

அடுத்த நாள் கட்சிப் பத்திரிகையில் மூவாயிரம்.
தனியார் சனலில் கடலெனத் திரண்ட மக்கள்.
பொலிஸ் கணக்கு அறுபது.
என் நானூற்றுப் பன்னிரண்டை
ஒரு கட்சியும் சேர்க்கவில்லை.

செய்தி மேசைக்கு ரெலிபோன் எடுத்தேன்.
குலவீரசிங்கம் ஐயா, தமிழில் விசேட பட்டதாரி,
பென்சனுக்கு இன்னும் பதினாலு மாதம்.
நெடுநேரம் இருமினார்.
"சிலர் எண்டாலும் பன்மைதானே, தம்பி.
இலக்கணத்தில பிழையில்லை.
அந்தச் சொல்லை உள்ளுக்கு விடவே
நான் பட்ட பாடு
உமக்குத் தெரியாது."
அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போன கிழமை
வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இருந்தார்கள்.
எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தேழில் கைபேசி அடித்தது,
மின்சாரப் பட்டியல், கடைசி அறிவித்தல்.
திரும்பி வந்து குறிப்பில் பார்த்தால்
என் பெருவிரல் முன்னமே எழுதியிருந்தது:
சிலர்.

அழிக்கவில்லை.
அன்றிரவு அது அப்படியே போனது,
ஒரு எழுத்தும் மாறாமல்,
இருபத்திரண்டு வினாடி.
முழுக் காசும் வந்தது.

அந்தக் காசோடு பாசையூர்ச் சந்தைக்குப் போனேன்.
றெஜினாக்கா நிமிரவில்லை.
திரளியை அள்ளிப் பையில் போட்டா,
தராசைத் தொடவில்லை.
"எத்தினை அக்கா?"
"சிலது.
மிச்சத்தை எட்டு மணிக்கு
உங்கட ரீவியில கேளும்."

பக்கத்துப் பெட்டிக்காரி சிரித்தாள்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
நோட்டை நீட்டினேன்.
அதை மட்டும்
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து,
மிச்சக் காசை ஒவ்வொன்றாய்
என் உள்ளங்கையில்
உரக்க எண்ணி வைத்தா.