கறுத்த அரைஞாண்

பின்னிரவு மூன்று நாற்பது.
துவாஸிலிருந்து இரண்டு ஆம்புலன்ஸ்.
என்ன வாயு என்றதற்கு
"தெரியல, கழிவுத் தொட்டி" என்று
வைத்துவிட்டார்கள்.

தெரியாததற்கென்றே ஒரு அங்கி உண்டு எங்களிடம்:
மஞ்சள், இரட்டைக் கையுறை, முகத்தைக் கவ்வும் மூடி.
அதற்குள் என் மூச்சு
பக்கத்து வீட்டு மூச்சுபோல் கேட்கும்.

வாசலுக்கு வெளியே கூடாரம். மழை.
வெதுவெதுப்பாய்க் குழாயைத் திறந்துவிட்டு
சித்தி ஹஜர் கத்தரியை நீட்டினாள்.
மேல்சட்டை, பனியன், பெல்ட்
வெட்ட வெட்டப் பைக்குள் போயின.
இடுப்பில் கத்தரி நின்றது.

வெள்ளி அரைஞாண்.
வெள்ளி என்று நான்தான் சொல்கிறேன்.
அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடியாய் இருந்தது.

"சங்கிலியா? வெட்டு" என்றார் டாக்டர் இயோ.
"வெட்டுகிறேன். முதலில் நிறத்தைப் பாருங்கள்.
குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்கள் இதை.
வியர்வைக்கு மங்கும்.
இந்தக் கறுப்பு வராது."

ஒரு நொடி பார்த்தார்.
ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று
முதலில் தனக்கு, பிறகு எல்லோருக்கும்.

வகுப்பில் படித்ததுதான்.
கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாறும்.
கூடினால் மூக்கு கைவிரித்துவிடும்,
காற்று சுத்தமாகிவிட்டது போலிருக்கும்.
அந்தச் சுத்தத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.
முறிமருந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு இருக்கிறது.
நம்பிக் கொடுக்க
ஆக்சிஜன்.

நீலமேகம், முப்பத்தொன்று, பேராவூரணி.
நெஞ்சை அழுத்தி அழுத்தி
என் மணிக்கட்டு எனக்கு இல்லாமல் போனது.
நான்கு ஐம்பத்திரண்டுக்கு
டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

இன்னொருவன் ஷமிம், குல்னாக்காரன்.
நான்காம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தோம்.
வேலையிடத்தில் கற்ற தமிழ் அவனுக்கு:
"நாத்தம் இருந்துச்சு அக்கா. அப்புறம் நாத்தம் போச்சு.
நான் மேலே பாத்து கட்டைவிரல் காட்டுச்சு.
அண்ணே சிரிச்சுச்சு.
அப்புறம் கால் இல்ல.
அண்ணே எங்கே?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.
கோழைதான் நான். அந்த நேரத்தில்
தண்ணீரைத் தவிர வேறெதுவும் தமிழில் வரவில்லை.

விசாரிக்க வந்த பெண் அதிகாரி சொன்னார்,
வாயு மீட்டர் லாரியில் சார்ஜில் இருந்ததாம்.
முழுதாய் ஏறியிருந்ததாம்.
காற்றாடியின் வயர் தொட்டிவரை எட்டவில்லையாம்.
விழுந்தவனைத் தூக்க
ஏணியில் ஒரு மனிதன் இறங்க எத்தனை நொடி என்று
தன் நோட்டில் கணக்குப் போட்டார்.
அவன் யோசித்த நொடிகள் அதில் இல்லை.
யோசித்திருக்க மாட்டான்.

உடைமைப் பையை நான்தான் கட்ட வேண்டும்.
வேலை அனுமதி அட்டை, உடைந்த கைப்பேசி,
இரண்டு வெள்ளி நோட்டு மூன்று, நனைந்தவை,
அரைஞாண்.

என் கைப்பையில் எப்போதும் ஒரு விபூதிப் பொட்டலம் கிடக்கும்.
ஈரம் தொட்டுத் தேய்த்தால்
இரண்டே நிமிடம், வெளுத்துவிடும்.
பேராவூரணியில் யாரோ ஒருத்தி பிரிக்கும்போது
வாங்கிப் போட்டதுபோல் பளபளக்கும்.
பொட்டலத்தைப் பிரித்தும்விட்டேன்.
விரலில் கொஞ்சம் ஒட்டியது.

பிறகு நெற்றியில் இட்டுக்கொண்டு
பையின் வாயை அழுத்தி மூடினேன்.

பட்டியலில் பொருள், எண்ணிக்கை, இரண்டே கட்டம்.
அரைஞாண், ஒன்று.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
எழுதிவைத்தேன்:
கறுப்பு.